பள்ளி, ஹள்ளி, அள்ளி

சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் முதுநிலை விரிவாக்க மையம் தருமபுரி மாவட்டத்தில் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரின் பெயர் பைசுஅள்ளி. இந்தப் பெயரை ஒருமுறை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ‘சு’வில் ஓர் உயிர் முடிகிறது. உடனே ‘அ’ என்று இன்னோர் உயிர் தொடங்குகிறது. இரண்டு உயிர்கள் இப்படி நேருக்கு நேர் நிற்பதைத் தமிழ் எழுத்து வழக்கம் விடாது. நன்னூல் படித்த எந்த மாணவரும், குற்றியலுகரம் கெட்டு ‘பைசள்ளி’ ஆகவேண்டும் என்று சொல்லிவிடுவார். பக்கத்திலுள்ள சோமனஅள்ளிக்கும் இதே நிலைதான். அங்கே வகர உடம்படுமெய் வந்திருந்தால் ‘சோமனவள்ளி’ என்றாகி, ஊர் ஒரு பெண்ணின் பெயரைப் பெற்றிருக்கும். அப்படி நடக்கவில்லை. மாரண்டஅள்ளி, எர்ரனஅள்ளி, பிக்கனஅள்ளி, பேகாரஅள்ளி என்று பாலக்கோடு, தருமபுரி வட்டாரங்களில் வரிசையாக நிற்கும் பெயர்ப்பலகைகள் எல்லாவற்றிலும் இந்த இடைவெளி அப்படியே இருக்கிறது. பேச்சில் ‘மாரண்டள்ளி’ என்று சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். எழுத்து மட்டும் சேர மறுக்கிறது.

இதைப் பிழை என்று தள்ளக்கூடாது என்பது என் கருத்து. இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒரு மெய் இருந்தது. அது போய்விட்டது, அது இருந்த இடம் போகவில்லை. அந்த மெய் ‘ஹ’.

ஆங்கிலத்தில் இந்த ஊர்களை எழுதும்போது இன்றும் அந்த ‘ஹ’ உடன் வருகிறது: பைசுஹள்ளி, மாரண்டஹள்ளி. அரூரைக்கூட ஆங்கிலத்தில் ‘ஹ’ போட்டுத்தான் எழுதுகிறோம். திப்பு சுல்தானின் ஆட்சியில் இருந்த பாராமகால், 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி கும்பினியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே பணியாற்றிய தாமஸ் மன்றோவும் இங்கே நிலம் அளந்து வரி வகுத்தார்கள். அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் ஒய்சளர், விசயநகரத்தார், மைசூரார் என்று கன்னடம் புழங்கிய ஆட்சிகள் அடுத்தடுத்து வந்து போன நிலம் இது. ஆகவே ‘ஹள்ளி’ என்ற கன்னடச் சொல் இங்கே ஊர்ப்பெயரின் ஈறாக நிற்பதில் வியப்பில்லை. தமிழ் நாக்கு சொல்லின் முதலில் வரும் ‘ஹ’வைப் பெரும்பாலும் உதறிவிடும். ஹரன் அரன் ஆனான், ஹரி அரி ஆனான், ஹனுமன் அனுமன் ஆனான். ஹள்ளியும் அள்ளி ஆயிற்று.

பலரும் விசாரணையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ‘அள்ளி கன்னடம், பட்டி தமிழ்’ என்று மாவட்டத்தையே இரண்டாகப் பிரித்துப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். உண்மையில் கதை இங்கேதான் தொடங்குகிறது. கன்னடத்திலும் அந்த ‘ஹ’ பிறவி எழுத்து அன்று. தமிழில் ‘பால்’ என்பதைக் கன்னடம் ‘ஹாலு’ என்கிறது, புலி ‘ஹுலி’, பத்து ‘ஹத்து’, பாம்பு ‘ஹாவு’. பழங்கன்னடத்தில் இவை எல்லாம் பகரத்தில்தான் தொடங்கின. பத்தாம் நூற்றாண்டை ஒட்டி இந்தப் பகரம் ஹகரமாக நெகிழத் தொடங்கியது. பதினான்காம் நூற்றாண்டுக்குள் மாற்றம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. பட்டி என்ற சொல்லும் தப்பவில்லை. நீலகிரியில் படகர்கள் தங்கள் ஊர்களை ‘ஹட்டி’ என்பது நம் ‘பட்டி’தான். எனவே ஹள்ளி என்பது பள்ளி. அள்ளி என்பதும் பள்ளி. ஒரே சொல் மேற்கே போய் உடை மாற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. தருமபுரியிலேயே ஒரு கன்னடக் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்தது, கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டு. ஸ்ரீமங்கலத்தைச் சேர்ந்த ஒரு வணிகரின் மக்களான நிதியண்ணன், சண்டியண்ணன் என்ற இருவர் தருமபுரியின் பழம்பெயரான தகடூரில் பசதி எனப்படும் சமணக் கோயில் ஒன்றைக் கட்டினார்கள். நிதியண்ணன் அரசனிடமிருந்து ஒரு சிற்றூரைப் பெற்று, பசதியின் பராமரிப்புக்காகக் கனகசேன சித்தாந்த படாரரிடம் ஒப்படைத்தான். அந்த ஊரின் பெயர் மூலபள்ளி. மொழி கன்னடம், ஊர் தருமபுரிப் பக்கம், சொல்லோ பகரத்தோடு நிற்கும் பள்ளி. ஒலிமாற்றம் இன்னும் இந்த மண்ணை எட்டாத காலத்தின் எழுத்து அது. அந்தக் கல் மட்டும் இல்லாவிட்டால் நாம் இதை இலக்கண ஊகமாகத்தான் சொல்லிக்கொண்டிருப்போம்.

பகரம் பிழைத்த ஊர்களும் மாவட்டத்தில் இருக்கின்றன. நல்லம்பள்ளி, பஞ்சப்பள்ளி இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலதில் பகரத்துக்கு முன்னே மகர ஒற்று இருக்கிறது. இரண்டாவதில் பகரமே இரட்டித்திருக்கிறது. கன்னடத்திலும் மெல்லினத்துக்குப் பின்னால் வரும் பகரமும் இரட்டித்த பகரமும் ஹகரமாக மாறுவதில்லை. உப்பு அங்கேயும் உப்பு, தப்பு அங்கேயும் தப்பு. ஒற்றின் துணை இருந்த இடத்தில் பள்ளி நிலைத்தது. இரண்டு உயிர்களுக்கு நடுவே தனியாக மாட்டிய இடத்தில் ஹள்ளியாகி, அள்ளியாகிக் கரைந்தது. 2004 வரை தருமபுரி மாவட்டத்தோடு இருந்து கிருஷ்ணகிரிக்குப் போன பகுதியில் ஓர் ஊரையே வேப்பனஹள்ளி என்றும் வேப்பனப்பள்ளி என்றும் இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். ஒலிவிதி இரண்டு வடிவத்தையும் ஏற்கிறது.

சரி, பள்ளி என்றால் என்ன? சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகனின் ஆறு பெருந்தொகுதிகள் எந்தப் பல்கலைக்கழக நூலகத்திலும் இரவல் தராத பகுதியில் இருக்கும். அதில் ‘பள்ளி’ என்ற சொல்லைத் திறந்தால் சிற்றூர், இடைச்சேரி, முனிவர் இருப்பிடம், சமண பௌத்தக் கோயில், துயிலிடம், பள்ளிக்கூடம் என்று பொருள்கள் அடுக்கடுக்காக வருகின்றன. இவ்வளவு பொருளையும் ஒரே சொல் எப்படித் தாங்குகிறது? ‘படுத்துக் கிடக்கும் இடம்’ என்பதை நடுவில் வைத்துப் பார்த்தால் எல்லாம் பொருந்துகிறது. மேய்ச்சலுக்குப் போன இடையர் இரவில் ஆடுமாடுகளை மடக்கித் தங்கிய இடம் பள்ளி. அரசர் துயில்வது பள்ளியறை. இறந்த அரசர் நிரந்தரமாகத் துயிலும் இடத்தில் எழுப்பிய கோயில் பள்ளிப்படை. குகையில் கல்லைச் செதுக்கிப் படுக்கையாக்கித் துறவியர் கிடந்த இடமும் பள்ளி. மதுரைக்கு அருகே மாங்குளத்தில், கி.மு. இரண்டாம் நூற்றாண்டுத் தமிழி எழுத்தில், துறவியருக்குக் கொடுத்த குகையின் பெயராகவே இந்தச் சொல் வெட்டப்பட்டிருக்கிறது.

தருமபுரிக்காரர்களுக்கு இதைவிட நெருக்கமான சான்று சம்பையில் இருக்கிறது. தென்பெண்ணைக் கரையில், திருக்கோவலூர்ப் பக்கத்துச் சம்பைக் குன்றில் 1981-இல் ஒரு தமிழிக் கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது. சதியபுத்திர மரபைச் சேர்ந்த அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்தது என்று அது ஒரு குகையைச் சொல்கிறது. அந்தக் குகையைக் குறிக்கக் கல்வெட்டு வழங்கும் சொல் ‘பாளி’. பள்ளியோடு உறவுடைய சொல் இது. அசோகரின் கல்வெட்டுகளில் வரும் சதியபுத்திரர் யார் என்ற பழைய கேள்விக்கு அந்த ஒற்றை வரி விடை தந்தது என்பதற்காக ஆய்வாளர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் பெரிதாகப் படுவது வேறொன்று. தகடூர் அரசனின் பெயர் கல்லில் கிடைத்த இடத்திலேயே அவன் கொடையாக இந்தச் சொல்லின் குடும்பமும் கிடைத்திருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அள்ளி என்று முடியும் ஊர் எல்லாம் ஒரு காலத்தில் சமணப் பள்ளியாக இருந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். அள்ளிகளில் பெரும்பாலானவை இடையரும் உழவரும் குடியேறிய சிற்றூர்கள். சோமன் என்ற ஒருவனின் ஊர், எர்ரன் என்ற ஒருவனின் ஊர் என்று பெயரின் முன்பாதியே ஆளைக் காட்டிவிடுகிறது. ஊரில் ஒரு தீர்த்தங்கரர் சிலையோ கல்வெட்டோ இருந்தால் பேசலாம். வெறும் ஈறை வைத்துக்கொண்டு சமயம் சொல்லக்கூடாது.

ஆனால் பள்ளி என்ற சொல் கல்வியின் பெயரானதற்குச் சமணரும் பௌத்தரும்தான் காரணம் என்பதில் ஐயமில்லை. துறவியர் தங்கிய இடத்தில் மாணாக்கர் கூடினார்கள். தருமபுரி பசதி எழுந்த அதே காலத்தில் வேடல் என்ற ஊரில் கனகவீரக் குரத்தியார் என்ற பெண் துறவியிடம் ஐந்நூறு மாணாக்கியர் இருந்ததைச் சோழர் கல்வெட்டு பதிந்திருக்கிறது. பள்ளியில் கூடிய கூடம் பள்ளிக்கூடம். பிற்காலத்தில் பள்ளிவாசல் என்று முகமதியரின் தொழுமிடத்துக்கும் அதே சொல் போயிற்று. மலையாளத்தில் மாதா கோயிலும் பள்ளிதான். ஈழத்தில் திருகோணமலைப் பக்கம் வெல்கம் விகாரைக்குச் சோழர் கொடுத்த பெயர் இராசராசப் பெரும்பள்ளி. வழிபாடு மாறியது, மொழி மாறியது. கூடிப் படிக்கும் இடம் என்ற பொருள் மட்டும் இந்தச் சொல்லைவிட்டுப் போகவில்லை. இன்று நாம் சாதாரணமாகச் சொல்லும் ‘கல்லூரி’கூடச் சீவகசிந்தாமணி என்ற சமண காவியத்தில் இருக்கிற சொல்தான்.

பள்ளியில் ஏடுகளும் இருந்தன. சமணர் நான்கு தானங்களைச் சொல்வார்கள்: உணவு, அடைக்கலம், மருந்து, சாத்திரம். நான்காவது தானம் என்பது நூலைப் படியெடுத்துக் கொடுப்பது. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் கன்னட நாட்டில் அத்திமப்பே என்ற அம்மையார், பொன்ன கவியின் சாந்திபுராணத்தை ஆயிரம் பிரதி ஓலையில் எழுதுவித்துக் கொடுத்தார் என்பது அங்கே எல்லோரும் அறிந்த வரலாறு. அச்சு இல்லாத நாளில் ஆயிரம் பிரதி என்றால் எத்தனை பேரின் எத்தனை மாத உழைப்பு! நம் நன்னூலை எழுதிய பவணந்தியும் சமண முனிவர். அவரை எழுதச் சொன்ன சீயகங்கன், கோலாரோடு தொடர்புடைய கங்க மரபுச் சிற்றரசன். நம் உடம்படுமெய் விதியும் அள்ளியின் உடம்படாத இடைவெளியும் தமிழும் கன்னடமும் கலந்து புழங்கிய ஒரே எல்லைநிலத்தோடு தொடர்புடையவை.

இத்தனையும் பல்கலைக்கழக நூலகத்துக்கு எதற்கு? சொல்லாராய்ச்சி ஒரு தனி இன்பம் என்பதைத் தாண்டி, இந்த மாவட்டத்தில் கலை நூலகம் என்று ஒன்று சரியாக நடக்கவேண்டுமானால் அள்ளியின் வரலாறு தெரிந்தே ஆகவேண்டும் என்று நினைக்கிறேன். ஐரோப்பிய ஓவியம் பற்றிய நூல் வேண்டுமென்றால் ஓவியரின் பெயரைச் சொல்லித் தேடலாம். தருமபுரியின் கலைக்கு அப்படி ஒரு பெயர் கிடையாது. நடுகல்லைச் செதுக்கியவன் தன் பெயரை அதில் வெட்டவில்லை. யார் ஆட்சியில், எந்த ஆண்டில், எந்த ஊரில், எந்த ஆநிரைப் பூசலில் இன்னார் பட்டார் என்று மட்டும் வட்டெழுத்தில் சொல்லி நிறுத்திவிட்டான். வில்லும் வாளும் ஏந்திய அந்த வீரனை ஒரு மாணவி தேடிப் போக ஒரே கைப்பிடி ஊர்ப்பெயர். அதியமான்கோட்டையின் சென்னராயப் பெருமாள் கோயில் கூரையில் உள்ள இராமாயண, பாரத ஓவியங்களுக்கும், தருமபுரிக் கோட்டைக் கோயிலின் நுளம்பர் காலச் சிற்பங்களுக்கும் அதே கைப்பிடிதான். கலைஞன் பெயர் இல்லாத இடத்தில் ஊர்ப்பெயரே நூற்பட்டியலின் தலைப்பாகிறது. அந்த ஊர்ப்பெயரோ மூன்று எழுத்துக்கூட்டலில் வாழ்கிறது.

சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் பொறுப்பை ஏற்று, அங்கே உருவாக்கி 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறையைக் கலை மாணவர்கள் இந்தக் கண்ணோடு பார்க்கவேண்டும். நுண்கலைகளுக்கு அவர் ‘என்’ என்ற எழுத்தை ஒதுக்கினார். அதற்குள் கட்டடக்கலை, சிற்பம், ஓவியம், இசை என்று பிரித்தார். ஒரு கலைப்பாணியைக் குறிக்க அவர் முதலில் கேட்பது எந்த நிலம், எந்தக் காலம் என்பதே. இந்தியாவுக்கு 44 என்ற எண். அதன் பின் காலத்துக்கு ஓர் எழுத்து. பெயரில்லாக் கலைஞர்களின் நாட்டில் பிறந்த நூலகர் வகுத்த முறை இப்படித்தான் இருக்கும். நிலம் முதல் கேள்வியானால், நிலத்தின் பெயர் எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்கவேண்டும்.

தருமபுரி அரசு கலைக் கல்லூரியிலும் பைசுஅள்ளி மையத்திலும் படிப்பவர்களில் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். அவர்களில் ஒருவர் தன் ஊர்க் கல்லைப் பற்றி எழுத வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. தொல்லியல் துறை அவற்றின் கல்வெட்டுகளை அச்சிட்டிருக்கிறது. கல்லில் ஈரத்தாளை ஒட்டித் தூரிகையால் அடித்து, மை ஒற்றி எடுக்கும் மைப்படி, கல்லைவிடத் தெளிவாகப் படிக்கக் கிடைக்கும். ஆனால் அவர் ஊரில் அந்தக் கல்லை யாரும் நடுகல் என்று சொல்வதில்லை. வேடியப்பன் என்பார்கள். பொங்கல் வைத்து, படையல் போட்டு, கிடா வெட்டிக் கும்பிடும் சாமி அது. கன்னட நூலில் அதுவே வீரகல். பாட்டி சொன்ன ‘வேடியப்பன்’ என்ற சொல்லோடு நூலகத்துக்கு வருகிற பிள்ளை வெறுங்கையோடு திரும்பினால், அலமாரியில் எத்தனை வண்ணப்பட நூல்கள் இருந்து என்ன பயன்? பல்கலைக்கழக நூலகம் தன் வளாகத்துக்குச் செய்யும் பணியில் நான் முதலில் வைப்பது இதைத்தான்: வீட்டுச் சொல்லிலிருந்து நூற்சொல்லுக்குப் போக வழி அமைப்பது.

மாவட்டத்தின் பெயரே இதற்குச் சோதனை. சங்க நூல்களிலும் நுளம்பர் கல்வெட்டிலும் இந்த ஊர் தகடூர். அதியமானுக்கும் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறைக்கும் நடந்த போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்ற நூல் முழுதாக நம் கைக்கு வரவில்லை. புறத்திரட்டு தொகுத்தவர் எடுத்து வைத்ததாலும் பழைய உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டியதாலும் மட்டுமே சில பாடல்கள் பிழைத்தன. இந்த மாவட்டத்தின் பெயரைத் தாங்கிய மூத்த நூல், எந்த நூலக அலமாரியிலும் முழுதாக இல்லை. பிழைத்த பாடல்களைத் தேடுகிறவரும் ‘தருமபுரி’ என்று தேடினால் எதையும் காணமாட்டார். தருமபுரியா, தர்மபுரியா என்ற குழப்பம் வேறு.

2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஓர் ஆணை வெளியிட்டது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களில் திரும்பப் பெற்றது. தமிழ் ஊர்ப்பெயர் தமிழ் ஒலிப்போடு ஒலிக்கவேண்டும் என்ற விருப்பத்தில் எனக்கும் பங்குண்டு. என்றாலும் அள்ளி ஊர்களைப் பொறுத்தவரை ஆங்கிலத்தில் நிற்கும் அந்த ‘ஹ’வை அவசரப்பட்டு அழிக்கவேண்டாம் என்பேன். கன்னட நூற்றாண்டுகளின் தடயம் இப்போது பரவலாக இருப்பது அந்த ஓர் எழுத்தில்தான். தமிழ்ப் பலகையில் அள்ளி, ஆங்கிலப் பலகையில் ஹள்ளி, கல்வெட்டில் பள்ளி. மூன்றும் ஒரே ஊரின் மூன்று வயது. ஒன்றை வைத்து மற்றதைத் திருத்தவேண்டியதில்லை.

நூலகத்தில் இதற்குப் பழைய கருவி ஒன்று உண்டு. அட்டைப் பட்டியல் இருந்த நாளில், ஒரு பெயரைத் தேடுகிறவரை இன்னொரு பெயருக்கு அனுப்ப, ‘காண்க’ அட்டை என்று எழுதி இடையிடையே செருகுவார்கள். கணினிப் பட்டியலிலும் அதற்கு இடம் இருக்கிறது. தமிழ்த் துறை மாணவர்கள் ஒரு பருவத்தில் எழுதி முடித்துவிடக் கூடிய வேலை. ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, வருவாய்த்துறை ஏட்டோடும் கல்வெட்டுத் தொகுதியோடும் ஒப்பிட்டு எழுதவேண்டும். மாரண்டள்ளி: காண்க மாரண்டஅள்ளி. மாரண்டஹள்ளி: காண்க மாரண்டஅள்ளி. வேப்பனஹள்ளி: காண்க வேப்பனப்பள்ளி. தருமபுரி, பழம்பெயர்: காண்க தகடூர். வேடியப்பன்: காண்க நடுகல். வீரகல்: காண்க நடுகல். அள்ளி, ஊர்ப்பெயர் ஈறு: காண்க பள்ளி.